ஹெட்போனும் பட்டுப் புடவையும்

பட்டுப் புடவை வாங்கப் போகும் பெண்மணிகளை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கடைக்காரர் விளக்குகளின் ஜோதியில் புடவையை விரித்துக் காட்டி, "இந்தக் கலர் ஊரிலேயே கிடையாது, அம்மா!" என்று சத்தியம் செய்வார். அம்மாள் ஒரு பதிலும் சொல்லாமல் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். சூரிய வெளிச்சத்தில் அரை நிமிஷம் பார்ப்பாள். உள்ளே ஜொலித்த மயில்கழுத்து நிறம் வெளியே வெறும் பச்சையாகிவிட்டால், "வேறு எடுங்கள்" என்பாள். இதைக் கண்டு நாம் பலமுறை நகைத்ததுண்டு. அப்படி நகைத்த பாவத்துக்குச் சென்ற வருஷம் தண்டனையும் அநுபவித்தோம்.

சங்கீதம் கேட்பதற்கு உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டுமென்ற ஆசை நமக்கு வெகுநாளாக உண்டு. இரவுக் கச்சேரிக்குப் போய்த் திரும்புவது வயசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒலிபெருக்கியை வைத்தாலோ, பரீட்சைக்குப் படிக்கும் பேரக் குழந்தைகளுக்கு இடைஞ்சல். ஆகவே ஒரு நாள் துணிந்து கடைக்குச் சென்றோம். சிப்பந்தி நான்கு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நம் காதில் மாட்டினார். நான்காவதை மாட்டியதும் மெய் சிலிர்த்தது. மிருதங்கத்தின் தொப்பி இடி போல் முழங்கிற்று; கஞ்சிராவின் ஜல்ஜல் ஒலி மின்னலாய்த் தெறித்தது. விலையும் மற்ற மூன்றையும்விட அதிகம். இரண்டு அத்தாட்சிகள் போதாவா? பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் அதைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. இன்ன குறை என்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் வீட்டு அம்மாளிடம் கொடுத்தோம். ஒரு பாட்டு முழுவதும் கேட்டாள். "பாடுகிறவள் பாடவில்லையே! பல்லுக்கிடையில் காற்றை விடுகிறாளே!" என்றாள். உண்மைதான். 'ஸ'கரம் வரும் இடமெல்லாம் சீறிற்று. பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "கடையில் நாலையும் ஒரே சத்தத்தில் வைத்தா கேட்டீர்கள்?"

நாம் விழித்தோம். "நான் புடவையை வாசலுக்கு எடுத்துப் போனால் மட்டும் சிரிப்பீர்களே!" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்ட கேள்வியில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருப்பதைப் பின்னால்தான் அறிந்தோம். மனிதனின் செவி எல்லாச் சுரங்களையும் சமமாகக் கேட்பதில்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ஸ்தாயி நாதம் மெலிந்துவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் அது நிமிர்ந்து எழுகிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகையால் இரண்டு கருவிகளில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தாலும், "இது சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது. "இது உயர்ந்தது" என்றே தோன்றும். கடை விளக்கு புடவைக்கு எப்படியோ, அதிகச் சத்தம் ஹெட்போனுக்கு அப்படி. சத்தத்தைச் சமமாக்குவதுதான் வாசலுக்கு எடுத்துச் செல்வது.

நமது இரண்டாவது அத்தாட்சியான விலையும் அவ்வளவு நம்பத் தக்கதன்று. ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து, சுரங்களை அவை எந்த விகிதத்தில் ஒலிக்கின்றன என்பதையும் அவற்றின் விலையையும் ஒப்பிட்டு 2017-இல் எழுதினார். இரண்டுக்கும் சம்பந்தமே காணவில்லை என்பது அவர் கண்ட முடிவு. இதனால் விலை உயர்ந்தவையெல்லாம் வீண் என்று கொள்ள வேண்டாம். உறுதி, வேலைப்பாடு, நுட்பம் இவற்றுக்கும் விலை உண்டு. 2015-இல் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனியார் எச்.இ. 1 என்று ஒரு கருவியை அறிவித்தார்கள். பளிங்குப் பீடத்தில் அமைந்த பெருக்கியோடு அதன் விலை அப்போது சுமார் 50,000 யூரோவாக இருந்தது. அதை வாங்குகிறவர் வாங்கட்டும். நம்மைப் போன்றவர்கள் விலைச் சீட்டைப் பார்க்குமுன் காதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நிற்க. நமது சங்கடத்தைக் கேள்விப்பட்ட சிநேகிதர் ஒருவர் நம்மைத் தம்பதியாய் வீட்டுக்கு அழைத்தார். அவரிடம் மூன்று ஜாதிக் கருவிகளும் இருந்தன.

முதலாவது, சிறு ஒலிபெருக்கியைக் காதருகே கொண்டுவந்தது போன்றது. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அமெரிக்காவில் ஜான் காஸ் என்பவர் 1958-இல் சங்கீதத்துக்கென்று வெளியிட்ட ஸ்டீரியோ ஹெட்போன் முதல் இன்று கடைகளில் காண்பவற்றில் பெரும்பாலானவை வரை இந்த ஜாதிதான். சிநேகிதரிடம் இருந்தது ஸென்ஹைஸர் எச்.டி. 600, 1997-இல் வெளிவந்தது. இரண்டாவது ஜாதியில் சுருளுக்குப் பதில், மெல்லிய படலத்தின்மேலேயே மின்சாரம் ஓடும் கோடுகள் பதிந்திருக்கும். காந்தங்களின் முன் படலம் முழுவதும் ஒன்றுபோல் அசையும். அமெரிக்க ஆடிஸி கம்பெனியின் எல்.சி.டி. 2 இந்த வகை. மூன்றாவது, ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனியார் 1960 முதல் செய்துவரும் நிலைமின்சார வகை. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய படலம் ஒன்று, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கிடையே நின்று அசைகிறது. அதற்கென்று தனிப் பெருக்கி இல்லாவிட்டால் அது ஊமைதான்.

சிநேகிதர் முதலில் சுருதிப் பெட்டியின் ஒலிப்பதிவை வைத்தார். மூன்றிலும் அந்த ரீங்காரம் ஒரே அளவாய்க் கேட்கும் வரையில் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் குறித்துக்கொண்டார். பிறகு நாம் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய ஒரே ஒரு பாட்டை, ஒவ்வொன்றிலும் ஆரம்ப முதல் கடைசி வரை போட்டார். எந்தக் கருவிக்கு என்ன விலை என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

என்ன ஆச்சரியம்! கடையில் வானுக்கும் பூமிக்குமாகத் தோன்றிய வித்தியாசங்கள் இங்கே முழம், சாண் கணக்குக்கு வந்துவிட்டன. ஸ்டாக்ஸில் தம்பூராவின் தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியே அவிழ்ந்து கேட்டது. ஆடிஸியில் மிருதங்கத்தின் இடது பக்கம் உருண்டு திரண்டு நின்றது. எச்.டி. 600-இல் குரல், குரலாகவே இருந்தது. மூன்றும் உத்தமமானவை. எது மேல் என்பது அவரவர் நாடும் ரஸத்தைப் பொறுத்தது.

அதன்பின் சில லௌகிக விஷயங்களைச் சிநேகிதர் எடுத்துரைத்தார். அம்மூன்றும் முதுகு திறந்த வகை. திறந்தவற்றில் சங்கீதம் தலைக்குள் அடைபடாமல் சற்றுக் காற்றாடும். ஆனால் நாம் கேட்பதைப் பக்கத்து நாற்காலிக்காரரும் கேட்பார். தெருச் சத்தமும் தாராளமாய் உள்ளே வரும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மூடிய வகைதான் ஏற்றது. எச்.டி. 600-இன் மின்தடை 300 ஓம். கைபேசியில் நேரே சொருகினால் பல சமயம் ஈனஸ்வரமாகத்தான் பாடும். சிறு பெருக்கி ஒன்றின் செலவையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். எடையையும் மறக்கலாகாது. எச்.டி. 600 சுமார் 260 கிராம், எல்.சி.டி. 2 அரைக் கிலோவுக்கு மேல். இரண்டு மணி நேரம் சுமக்கப் போவது நம் கழுத்தல்லவா? காதுமெத்தையும் கம்பியும் தனியே வாங்கி மாற்றக்கூடியவையா என்று விசாரிப்பதும் அவசியம். மெத்தை நைந்தால் கருவியையே எறிய வேண்டுமென்றால், அது குடும்பஸ்தனுக்கு ஏற்ற பொருளாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற என்ஜினியர். ஆலை இரைச்சலில் முப்பது வருஷம் உழைத்தவர். வலது காதில் மேல்ஸ்தாயி நாதம் பாதிக்கு மேல் போய்விட்டது. "ஹெட்போனில் நல்லது கெட்டது எது வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கலாம், காதை எந்தக் கடையில் மாற்றுவது?" என்றார். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் அழிந்துபோனால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. 80 டெஸிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எல்லை வகுத்திருக்கிறது. மூன்று டெஸிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் ஐந்தே மணி. கடையில் நம்மை மயக்கிய அந்தச் சத்தத்தில் தினமும் இரண்டு மணி கேட்டிருந்தால், மயங்குவதற்குக் காதே மிஞ்சியிராது! ஆகவே, மெதுவாக வைத்தாலும் நிறைவாகக் கேட்கும் கருவியே உயர்ந்த கருவி என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

அன்று வீட்டு அம்மாள் மூன்றையும் கேட்டாள். எச்.டி. 600-ஐ மாட்டியபோது மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கழற்றவில்லை. அதுவே தீர்ப்பென்று எடுத்துக்கொண்டோம். பழைய கருவியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அதையே வாங்கினோம். மூன்றில் அதுதான் விலை குறைந்தது என்பது பிறகே தெரிந்தது.

இப்போது நம் வீட்டில் ஒரே ஒரு வழக்குத்தான் பாக்கி. கருவி ஒன்று, காதுகள் நான்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது நம் கைக்குக் கிடைப்பதே இல்லை.