தடத்துக்குப் போனால் மட்டும் போதுமா?

சட்டவிரோதப் பந்தயத்தில் இளைஞர்கள் பிடிபடும் செய்தி வரும்போதெல்லாம் ஓர் அறிவுரையும் கூடவே வருகிறது: "வேகம் வேண்டுமென்றால் செப்பாங்குக்குப் போங்கள்." நல்ல அறிவுரைதான். பந்தயத் தடத்தில் எதிரே லாரி வராது, சாலையைக் கடக்கும் பாதசாரி இல்லை. ஆனால், இது பாதி அறிவுரை. தடம் மற்றவர்களைக் காப்பாற்றும். ஓட்டுநரின் தவற்றை அது தானாகத் திருத்திவிடாது.

1999இல் திறக்கப்பட்ட செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. நீண்ட நேர்ப்பாதையில் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரை யார் வேண்டுமானாலும் வேகமாக ஓட்டலாம். ஓட்டுநரின் திறமை தெரிவது அதன் முடிவில் வரும் வளைவில்தான்.

ஏன் என்பதை இயற்பியல் பாடமே சொல்கிறது. காரை வளைவில் பிடித்து வைத்திருப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. அதற்குத் தேவைப்படும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 100 கிலோமீட்டரில் எடுக்கும் வளைவை 110இல் எடுத்தால் வேகம் 10 விழுக்காடுதான் கூடும். தேவைப்படும் பிடிமானமோ 21 விழுக்காடு கூடும். அந்தப் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால், திருப்புவதற்கு மிச்சம் இருக்காது.

புதியவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. தாமதமாகப் பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழைகிறார்கள். கார் திரும்பாமல் நேராகவே வழுக்கும்போது ஸ்டீயரிங்கை இன்னும் அதிகமாகத் திருப்புகிறார்கள். ஏற்கெனவே பிடிமானத்தை இழந்த முன் டயர்களுக்கு அது மேலும் சுமைதான்.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. வளைவின் நடுவே பயந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுவது. உடனே காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்கள் இலேசாகின்றன. வால் பக்கம் வெளியே வீசப்படுகிறது. இயந்திரம் பின்னால் இருக்கும் பழைய போர்ஷே 911 கார்கள் இதற்குப் பேர்போனவை. சாலையில் "பயந்தால் காலை எடு" என்பது சரியான பழக்கம். தடத்தில் அதே பழக்கமே காரைச் சுழற்றிவிடுகிறது. போதாததற்கு, பதற்றத்தில் கண்கள் சுவரைப் பார்க்கின்றன; கண் போகும் திசையில்தான் கையும் போகும்.

நவீன கார்களில் இருக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இத்தகைய பல தவறுகளைச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது. ஆகவே, தங்கள் தவறு எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தடத்துக்கு வந்ததும் அந்த விசையை அணைத்துவிட்டு ஓட்டும்போதுதான் உண்மை தெரிகிறது.

2005இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தட ஓட்ட நாள் ஒன்றில் நடந்தது இதற்குப் பாடம். அந்த வசதியே இல்லாத போர்ஷே கரேரா ஜிடி கார், தடத்துக்குள் நுழைந்த இன்னொரு காரைத் தவிர்க்க முயன்று கட்டுப்பாட்டை இழந்து சுவரில் மோதியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தனர். தொடர்ந்த வழக்கில் ஓட்டுநர் தரப்பு மட்டுமல்ல, ஏற்பாட்டாளர், தட நிர்வாகம், கார் தயாரிப்பாளர் என்று பலரும் பொறுப்புக் கேள்விக்கு உள்ளாயினர். 2013இல் நடிகர் பால் வாக்கர் பயணியாகச் சென்று உயிரிழந்ததும் இதே வகைக் காரில்தான். அது பொதுச் சாலை. அதிவேகமும் ஒன்பது ஆண்டு பழமையான டயர்களுமே காரணம் என்று விசாரணை கூறியது.

கைதேர்ந்தவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. 2001 மலேசிய கிராண்ட் பிரீயில் மைக்கேல் ஷூமாக்கரும் அவருடைய அணித் தோழர் பாரிச்செல்லோவும் ஒரே வளைவில் வழுக்கித் தடத்தைவிட்டு வெளியேறினர். 2009இல் கொட்டிய மழை, 56 சுற்றுப் போட்டியை 31 சுற்றுகளின் கணக்கோடு முடித்து வைத்தது. நம் நாட்டு வானிலையில் மழைக்கான ஓட்டத்தைக் கற்காமல் தடத்தில் இறங்கக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? முதல் நாளில் பயிற்றுநர் ஒருவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். சக்தி குறைந்த காரில் தொடங்குவது நல்லது. அது தவற்றை மெதுவாகக் காட்டும். டயர், பிரேக் எண்ணெய் இரண்டையும் சோதிக்க வேண்டும். தொடர்ந்து சில சுற்றுகள் ஓடினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்; ஓட்டுநரும் களைத்துப்போவார். வழக்கமான வாகனக் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

"செப்பாங்குக்குப் போ" என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாலையில் பிடிபடும் இளைஞர்களில் எத்தனை பேரால் தடக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் கட்ட முடியும்? குறைந்த கட்டணத்தில் முறையான பயிற்சி கிடைத்தால்தான் அந்த அறிவுரை முழுமையாகும். இல்லையென்றால் ஆபத்து சாலையிலிருந்து தடத்துக்கு இடம் மாறுமே தவிர, குறையாது.