போர் போடும் முன் மண்ணுக்குள் மின்சாரம் ஏன்? கரிசல் காட்டில் கருவி குழம்புவது எங்கே?

தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர் வட்டாரத்தில் போர் போடுவது கிட்டத்தட்ட சூதாட்டம்தான். ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் காசு வாங்குவார். தண்ணீர் வராவிட்டாலும் கொடுத்தே ஆகணும். அதனால் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் கூப்பிடுகிறார்கள், கருவியோடு வருபவரையும் கூப்பிடுகிறார்கள். தேங்காய்க்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. சரி, கருவி எதைப் பார்க்கிறது?

கருவி தண்ணீரைக் காட்டுமா?

காட்டாது. அது அளப்பது மின்தடையை மட்டும்தான். நான்கு கம்பிகளை நேர்கோட்டில் நட்டு, வெளிப்பக்கம் உள்ள இரண்டின் வழியே மின்சாரம் செலுத்துவார்கள். நடுவில் உள்ள இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது இன்னும் ஆழத்தில் உள்ள விவரம் கிடைக்கும். வெடிப்பில்லாத பாறையின் மின்தடை 1,000 ஓம்-மீட்டரையும் தாண்டும். தண்ணீர் நிற்கும் வெடிப்பு இருந்தால் அளவு குறையும்.

பிறகு ஏன் தவறுகிறது?

களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால்தான். கரிசல், களி மிகுந்த மண். உப்புத் தண்ணீர் அதைவிட நன்றாகவே கடத்தும். கருவியில் அளவு இறங்கியதும் 'நல்ல ஊற்று' என்று குறி வைத்தால், கிடைப்பது களியாகவோ வாயில் வைக்க முடியாத உவர்நீராகவோ இருக்கலாம். பாறைக்குள் ஓடும் ஒரு மெல்லிய வெடிப்பு ஆழத்தில் இருந்தால், மேலிருந்து அளக்கும் கருவிக்கு அது தெரியாமலே போகலாம்.

போருக்குள் இறங்கும் கருவி

இதற்கு விடை, துளைத்த குழிக்குள்ளேயே கருவியை இறக்கி அளப்பது. 1927-ல் பிரான்சின் பெஷல்பிரான் எண்ணெய்க் கிணற்றில் ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் குழுதான் முதன்முதலில் இப்படி மின்தடையை அளந்தது. இன்று குழியின் விட்டம், இயற்கைக் காமா கதிர், தண்ணீரின் வெப்பநிலை, அதன் மின்கடத்து திறன் எல்லாவற்றையும் அளக்கலாம். விட்டம் திடீரென அகன்றால் அங்கே வெடிப்பு இருக்கலாம். மின்கடத்து திறன் எந்த ஆழத்தில் எகிறுகிறதோ, உப்புத் தண்ணீர் அங்கே நுழைகிறது என்று அர்த்தம். விவசாயிக்கு முக்கியமானது இதுதான். உப்பு ஊற்று மேலேயும் நல்ல ஊற்று கீழேயும் இருந்தால், கேசிங் பைப்பை இறக்கி மேலே உள்ளதை அடைத்துவிடலாம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் ஆய்வுக் கிணறுகளில் இதைச் செய்கின்றன. தனியார் போர்களில் பெரும்பாலும் கிடையாது. துளைத்ததும் மோட்டாரை இறக்கிவிடுகிறோம். ஒரு ஊருக்கு நூறு போர் இருந்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனையாவது அடியில் பாறை மாறியது என்பதற்குக் கையில் ஒரு தாள்கூட இருக்காது. ஆனால் புதிதாக ஓரிடத்தை அளக்க வரும் ஆய்வாளர் முதலில் தேடுவது அந்தக் கணக்கைத்தான். பாறைத்தூளின் நிறம் மாறிய அடி, ஈரம் தட்டிய அடி, தண்ணீரின் ருசி ஆகியவற்றை ரிக் ஓடும்போதே ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம், செலவே கிடையாது.