சீனத்துச் சிவன் கோயிலும் நம் கொள்முதலும்



மளிகைக் கடைக்காரருக்குச் சீனாவில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நம் கடையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசு, பொட்டலம் ஒட்டும் இயந்திரம், பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றைத் திருப்பிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். 2020-க்குப் பிறகு நின்றுபோயிருந்த நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கின. கான்டன் எனப்படும் குவாங்சௌ நகரில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் வணிகக் கண்காட்சிக்கு நம்மவர்கள் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள். பாலவாக்கத்திலிருந்து நாங்களும் நால்வர் போய் வந்தோம்.

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் இருவர் ஒரே மாதிரிப் பொட்டல இயந்திரத்தை, ஒரே ஆலையிடம், இரண்டு தரகர்கள் மூலமாக இரண்டு விலைக்குப் பேசி முடித்திருந்தார்கள். இரவு சாப்பாட்டின்போதுதான் அது வெளியே வந்தது. ஒரே தெருக்காரர்கள், ஒரே விமானத்தில் போனவர்கள். ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கசப்போடுதான் ஊர் திரும்புமுன் இரண்டு நாள் ஒதுக்கி, ஃபுஜியான் மாகாணத்துச் சுவான்சௌவுக்குப் போனோம். சியாமென் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்களை இழுத்தது அதன் அருகிலுள்ள சேதியான் என்ற சிற்றூர். அங்கே ஒரு சிறு கோயிலில் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் பெண் தெய்வத்தை ஊரார் தங்கள் குவான்யின் என்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அது நம்மூர் அம்மன். கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

சுவான்சௌ ஒரு காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு வணிகர்கள் அதைச் சைத்தூன் என்றார்கள். 1087-ல் அங்கே சோங் அரசு கடல் வணிக அலுவலகம் திறந்தது. நகருக்கு வெளியே ஜியூரி மலையில் பாறைகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கப்பல்களுக்கு நல்ல காற்று வேண்டி அரசு அதிகாரிகளே பூசை செய்த பதிவுகள் அவை. வணிகனுக்காக அதிகாரி சாமி கும்பிட்ட காலமும் இருந்திருக்கிறது!

கையுவான் என்ற புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் நரசிம்மர், காளிங்கன் மேல் ஆடும் கண்ணன், யானைக்கு அருளும் பெருமாள். ஊரில் கிடைத்த வேறொரு சிற்பத்தில் லிங்கத்தின் மேல் பசு பால் சொரிகிறது. இவையெல்லாம் அங்கே நம்மவர் கட்டியிருந்த கோயிலின் கற்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அனுமதி பெற்று, அவர் உடல் நலத்துக்காகத் திருக்கதலீசுவரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். கீழே சீன எழுத்தும் உண்டு.

நால்வருமே அதிக நேரம் நின்றது கையுவான் கோயில் வளாகத்திலுள்ள பழைய கப்பலின் முன்தான். 1974-ல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது. உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, பாக்கு, சாம்பிராணி வகை. கூடவே, இன்ன சரக்கு இன்னாருடையது என்று எழுதிய மரச் சீட்டுகள். நாம் மூட்டையில் கட்டும் அட்டைதான் அது! பல பேர் சரக்கு, ஒரே கப்பல், அவரவர் கணக்கு அவரவர்க்கு.

கோயிலைக் கட்டியது எந்த வணிகக் குழு என்று 1281 கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அத்தனை தூரத்தில் அத்தனை கல்லைச் செதுக்கி நிறுத்துவது ஒரு தனி மனிதரின் கைக்காசில் ஆகிற காரியம் அல்ல என்பது எங்கள் எண்ணம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற குழு அதற்கு முன்பே, 1088-ல், சுமத்திராவின் பாருஸ் துறையில் தமிழ்க் கல்வெட்டு வைத்தது. வந்திறங்கும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகப் பங்கு கட்ட வேண்டும் என்று விதித்தது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உப்பு, நெல், மிளகு, சுக்கு, மஞ்சள், கடுகு, சீரகம் என்று நம் கடைப் பட்டியலையே கல்லில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மகமை போலத் தொகை விதித்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சோழர் காலத்தில் வணிகக் குழுவினர் மயிலாப்பூரில் கூடித்தான் காட்டூரை வீரபட்டினமாக்க முடிவெடுத்தார்கள். பாலவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் எவ்வளவு தூரம்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சுவான்சௌவில் 1357-க்குப் பின் மூண்ட கலகத்தில் வெளிநாட்டு வணிகர்கள் சிதறிப்போனார்கள். 1371-ல் மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்கே தடை போட்டது. கட்டிய கோயில் இடிந்து, தூண்கள் பிறர் மண்டபத்துக்குப் போயின. அரசின் தயவு எந்த நாளும் நிலைப்பதில்லை. நம் காலத்திலும் பார்த்தோமே. 2019 அக்டோபரில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தில் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துத் தமிழ்நாட்டையும் ஃபுஜியானையும் உறவு மாநிலங்களாக்கப் பேசினார்கள். அடுத்த ஆண்டே எல்லையில் மோதல். அந்தப் பேச்சும் பின்னுக்குப் போனது.

ஆகவே அரசு செய்யட்டும் என்று காத்திராமல் சங்கத்தின் முன் எங்கள் யோசனையை வைக்கிறோம். அடுத்த வசந்தக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் தனித்தனியாகப் போகாமல், சங்கத்தின் பெயரில் ஒரே பட்டியலோடு போக வேண்டும். தராசு, இயந்திரம், டப்பா எதுவானாலும் மொத்தத் தேவையைக் கூட்டி ஒரே விலை பேசி, ஒரே கன்டெய்னரில் ஏற்றி, மூட்டைக்கு மூட்டை பெயர் எழுதிக்கொள்ளலாம். மிச்சப்படும் பணத்தில் இரண்டு நாள் சுவான்சௌவுக்குப் போய் வரலாம். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போகலாம், கோயில்தானே. யாருக்கு என்ன சரக்கு, எத்தனை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதக் கூட்டத்திலேயே பட்டியலைப் போட்டுவிடலாம். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு விலை கொடுத்த எங்கள் இருவரின் பெயரும் அதில் முதலாவதாக இருக்கும்.