ஒற்றைக் காலில் நிற்கும் பழி

சென்ற வாரம் ராயப்பேட்டையில் ஒரு கூட்டம். பேச்சாளர் கரும்பலகையில் 'சாத்தன்' என்று எழுதினார். அதில் ஒரு கால் சேர்த்துச் 'சாத்தான்' ஆக்கினார். சாத்தன் என்னும் நம் அய்யனாரைப் பாதிரிகள் பிசாசாக்கிய கதை இவ்வளவுதான் என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. இது ஆராய்ச்சி அல்ல, புரட்டு.

'சாத்தன்' என்பதில் 'அன்' ஆண்பால் விகுதி. பெண்பாலில் அது 'சாத்தி' ஆகும். இலக்கண உரைகளில் இந்த இருவரையும் காணாத தமிழ் மாணவர் இல்லை. 'சாத்தான்' எபிரேயச் சொல். அதன் னகரத்தை அப்படிக் கழற்ற முடியாது. ச், த், ன் என்ற மூன்று மெய்களும் சேர்ந்ததே அதன் வேர். எதிர்த்து நிற்பது, குற்றஞ்சாட்டுவது என்பது பொருள். ஆதியாகமத்தில் ஈசாக்கின் ஆட்கள் வெட்டிய துரவுக்காகச் சண்டை மூண்டதும் அதற்குச் 'சித்னா' என்று பெயர் வைக்கிறார் அவர். அதே வேர்தான். உயிரெழுத்து மாறியும் னகரம் அசையவில்லை.

'சாத்தான்' முதலில் பிசாசின் பெயரே அல்ல. பிலேயாமின் வழியை மறித்த கர்த்தருடைய தூதனுக்கும், பெலிஸ்தர் சந்தேகப்பட்ட தாவீதுக்கும் எபிரேயத்தில் அதே சொல்தான். யோபு நூலில் அது ஒரு பதவி: கடவுளின் சபையில் குற்றஞ்சாட்டுபவன்.

'த்த' எங்கிருந்து வந்தது என்கிறாரா பேச்சாளர்? உயிர்களுக்கு நடுவே தனித் தகரம் தமிழில் மெலியும். வல்லோசையைக் காக்க இரட்டிக்கிறோம். ராயப்பேட்டைச் சந்துகளில் வால்பையனைத் திட்டும் 'சைத்தான்' அரபு வழி வந்த சொல். அதற்கும் 'த்த'தான் போடுகிறோம். அதில் எந்த அய்யனார் ஒளிந்திருக்கிறார்?

விவிலியத்தின் 'பேலியாள்' என்ற சொல்லை அவர் 'பேய் ஆள்' என்று பிரித்தது அதைவிடக் கொடுமை. எபிரேயத்தில் 'பெலி' என்றால் இல்லாமை. பயனற்ற தன்மை என்பதே அறிஞர் பலர் அச்சொல்லுக்குச் சொல்லும் பொருள்.

பிறர் தெய்வத்தைப் பழித்த பெயர் விவிலியத்தில் உண்டு. எக்ரோன் ஊர்த் தெய்வத்தின் பெயர் 'பாகால்சேபூப்', ஈக்களின் தலைவன். உயர்ந்த பட்டம் ஒன்றை வேண்டுமென்றே திரித்த ஏளனம் அது என்பர். நம் மண்ணின் தெய்வங்களைப் பழித்தவர்களும் உண்டு. நெல்லைச் சீமை நாடார் மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று 1849இல் நூலாக எழுதினார் கால்டுவெல். அதற்கு நியாயம் கேளுங்கள். நானும் உடன் நிற்கிறேன். உண்மையான அவமதிப்பு கண்ணெதிரே இருக்கும்போது பொய்ச்சான்று எதற்கு? அது உடைந்தால் மெய்யான வழக்கும் சேர்ந்து தோற்கும்.

அடுத்த கூட்டத்தில் அதே பலகையில் 'சித்னா' என்று எழுதுங்கள். எந்தக் காலைச் சேர்த்தால் அதில் அய்யனார் வருவார் என்று ஊரறியச் சொல்லுங்கள்.