கொல்லையில ஒரு வீடு: யாரு வந்து பாக்கப் போறா?

எங்க அப்பாயிக்கு 78 வயசு. முழங்கால் போனதுல இருந்து எங்க வீட்டு மாடிப்படி அவங்களுக்கு எவரெஸ்ட். கீழ இருக்கிற ஒரே அறையில நாங்க நாலு பேரும் டிவியும் இருக்கோம். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்குற ஆளுக்கு அது சரிப்படாது. அதனால போன செமஸ்டர் லீவுல அப்பா ஒரு முடிவு எடுத்தார். கொல்லையில அப்பாயிக்கு ஒரு சின்ன வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். மொத்தம் 350 சதுர அடி.

பையன் சிவில் மூணாவது வருஷம். பிளான் போடுற பொறுப்பு என் தலையில.

கொத்தனார் வந்து இடத்தைப் பார்த்தார். "அப்ரூவல் வாங்கணுமாண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "கொல்லையில கட்டுறதை யாரு தம்பி வந்து பாக்கப் போறா?"

டெல்டா பக்கம் சின்ன ஊர்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடே இருக்காது. நானும் முதல்ல தலையாட்டிட்டேன். ஆனா அவர் சுண்ணாம்புல கோடு போட்டுக் காட்டினப்போதான் ஒண்ணு உறைச்சுது. செப்டிக் டேங்க்கும் உறிஞ்சு குழியும் வர்ற இடத்துக்கும் எங்க கிணத்துக்கும் நடுவுல 12 அடி கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கிணறு மதில் சுவருக்கு அந்தப் பக்கம். அவங்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. யாரும் வந்து பாக்கலைன்னா, அதையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

அனுமதின்னா சீல் வெச்ச பேப்பர்னு நாம நினைக்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது, குழி தோண்டுறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் நம்ம டிராயிங்கை ஒரு தடவை பாக்குறது. காற்று, வெளிச்சம், தீ, கழிவுநீர், பக்கத்து வீட்டுக்காரர் உரிமை எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

சரி, முறைப்படி போவோம்னு அப்பாவைச் சம்மதிக்க வெச்சேன். தமிழ்நாட்டுல 2024 ஜூலையில சுய சான்றிதழ் திட்டம் வந்துச்சு. ஒற்றைச் சாளர இணையதளத்துல பட்டா, பத்திரம், பிளான் எல்லாம் ஏத்தினா, முன்கூட்டியே ஆள் வந்து பாக்காமலே உடனே அனுமதி. நல்ல திட்டம், அதுல சந்தேகமே இல்லை. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ இருக்கலாம்.

எங்க மனை 22 அடி அகலம், 130 அடி நீளம். பெருக்கிப் பாருங்க: 2,860. வெறும் 360 சதுர அடியில நாங்க அவுட்!

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கொல்லைன்னு ஒண்ணு யார்கிட்ட இருக்கு? பழைய தெருக்கள்ல, ரயில் பெட்டி மாதிரி நீளமான மனை வெச்சிருக்கிறவங்ககிட்ட. புது நகர்ல 1,200 சதுர அடி மனை வாங்கினவருக்கு ஏது கொல்லை? ஆக, கொல்லை இருக்கிற பல பேருக்கு இந்தச் சுலப வழி இல்லை. 3,500 சதுர அடி புது வீட்டுக்கு உடனே அனுமதி, 350 சதுர அடி அப்பாயி வீட்டுக்கு அலைச்சல். நாங்க மூணு தடவை போனோம், மூணு தடவையும் புதுசா ஒரு பேப்பர் கேட்டாங்க. நாலாவது தடவை அப்பா, "கொத்தனார் சொன்னதே சரி போலடா"ன்னார். விதியை மீறணும்னு யாரும் பிறக்கிறதில்லை. இப்படித்தான் அங்க வந்து சேர்றாங்க.

கலிபோர்னியாவுலயும் இதே கதைதான் இருந்துச்சு. கொல்லை வீட்டுக்கு ஊருக்கு ஊர் ஒரு விதி. 2016-ல ஆரம்பிச்சு மாநில அரசே சட்டத்தை மாத்திக்கிட்டே வந்துச்சு. 2020-லிருந்து, ஏற்கெனவே வீடு இருக்கிற மனையில பின்னாடியும் பக்கவாட்டிலும் 4 அடி விட்டு, 800 சதுர அடி வரைக்கும் கட்டுற சின்ன வீட்டை உள்ளூர் நிர்வாகம் தடுக்க முடியாது. விண்ணப்பம் முழுசா இருந்தா 60 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். சொல்லலைன்னா அனுமதி கிடைச்சதாவே அர்த்தம். 750 சதுர அடிக்குக் கீழ இருந்தா, ஊர் வளர்ச்சிக்குன்னு வாங்குற கட்டணம் கிடையாது. முன்னாடியே அங்கீகரிச்ச மாதிரி பிளான்களை உள்ளூர் நிர்வாகங்கள் 2025-லிருந்து வெச்சிருக்கணும்னும் சட்டம் இருக்கு.

அந்த 4 அடிக் கணக்கை எங்க கொல்லையில போட்டுப் பார்த்தேன். 22-ல 8 போக 14 அடி அகலம். 25 அடி நீளம் எடுத்தா சரியா 350 சதுர அடி!

"எல்லாரும் கொல்லையை அடைச்சுட்டா மழைத்தண்ணி எங்கடா இறங்கும்?"னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் விதி வேணும்கிறேன். கட்டடத்துக்கு ஒரு உச்ச அளவு, மண் தரையா விட வேண்டிய பங்கு, கிணத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் இடைவெளி, 2003-லிருந்தே கட்டாயமா இருக்கிற மழைநீர் சேகரிப்பு எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதலாம். இப்ப கொல்லை அடைபடாமலா இருக்கு? யாருக்கும் தெரியாம அடைபடுது, அவ்வளவுதான்.

தெரியாம கட்டினா பிரச்சினை இல்லைன்னு நினைக்காதீங்க. அனுமதியில்லாத கட்டடம், வருஷம் பல ஓடிட்டதாலேயே சரியாகிடாதுன்னு 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. நாளைக்கு மின் இணைப்பு, வங்கிக் கடன், விற்பனைன்னு போகும்போது அந்த 350 சதுர அடி வந்து நிக்கும்.

அதனால என் கருத்து இதுதான். சுய சான்றிதழ் திட்டத்துல "ஏற்கெனவே உள்ள வீட்டோட சின்ன வீடு"ன்னு ஒரு தனிப் பிரிவு வேணும். அதுக்கு மனை அளவைப் பார்க்காம, கட்டப்போற வீட்டின் அளவைப் பார்க்கணும். முடிவு சொல்ல ஒரு கெடு வேணும். மாதிரி பிளான் வேணும்.

கடைசியா சொன்னது நம்ம கையிலேயே இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு யாரும் கட்டாத இருபது மாடிக் கட்டடத்தை மென்பொருள்ல நிக்க வைக்கிறோம். அதுக்குப் பதிலா 22 அடி மனைக்கு, 25 அடி மனைக்கு, கிணறு உள்ள கொல்லைக்குன்னு பத்து சின்ன பிளான், எஸ்டிமேட்டோட போட்டு நம்ம கல்லூரி இருக்கிற பேரூராட்சிக்கே கொடுக்கலாமே? நான் ஒண்ணு போட்டாச்சு. இன்னும் ஒன்பது பாக்கி. வர்றவங்க சொல்லுங்க.

எங்க விண்ணப்பம் இன்னும் நிலுவையில இருக்கு. உறிஞ்சு குழியைக் கிணத்துக்கு எதிர்மூலைக்கு மாத்தி வரைஞ்சுட்டேன். கொத்தனார் அதைப் பார்த்துட்டு, "இது சரிதான் தம்பி"ன்னார். அப்பாயி மட்டும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல கேக்குறாங்க: "என் வீடு எப்படா வரும்?"