தமிழில் சொன்னால் போதுமா?

பண விஷயத்தில் யோசனை சொல்ல ஆளில்லை என்று இப்போது யாரும் குறைப்பட முடியாது. போனைத் திறந்தால் போதும். மதுரைத் தமிழிலோ கோவைத் தமிழிலோ, "சகோ, மாசம் அஞ்சாயிரம் போடுங்க, கோடீஸ்வரர் ஆகுங்க" என்று சொல்லித்தர ஆயிரம் பேர். ஊர்விட்டு ஊர் வந்து, நாள் முழுக்க இந்தியோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பும் நமக்கு, அந்தக் குரலைக் கேட்டதுமே ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. என் கவலையே அதுதான்.

இது புதுசும் இல்லை. முன்பு தமிழ்ச் சங்க விழாவில், ஐயப்ப பூஜை அன்னதான வரிசையில், "சாருக்கு நம்ம பக்கமா?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த ஞாயிறு பாலிசி ஃபாரத்தோடு வீட்டில் இருப்பார்கள். காபியும் கொடுத்து, முகதாட்சண்யத்துக்காகக் கையெழுத்தும் போட்ட குடும்பங்கள் எத்தனையோ!

அப்படி விற்கப்படும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். வருஷம் 50,000 ரூபாய், 20 வருஷம் கட்டுகிறீர்கள். கடைசியில் பதினேழரை லட்சம் வருகிறது. "பத்து லட்சம் கட்டி ஏழரை லட்சம் லாபம் சார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல்லில் ரேட் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது, அதில் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 5 சதவீதம் சொச்சம்தான் தேறும். இதே பணத்தை வருஷ ஆரம்பத்தில் பிபிஎஃப்பில் போட்டு, 15 வருஷம் முடிந்ததும் இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்தால், 7.1 சதவீத வட்டி (2020 ஏப்ரலில் நிர்ணயித்தது) அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால் 22 லட்சத்தைத் தாண்டும். ஆயுள் காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு டேர்ம் பாலிசி தனியாக எடுங்கள். சேமிப்பையும் காப்பீட்டையும் ஒரே இலையில் பிசைந்தால் எது எவ்வளவு என்று தெரியாமல் போகிறது. விற்பவருக்கு அது சௌகரியம்.

ஆகவே யோசனை சொல்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

மியூச்சுவல் ஃபண்டில் இது பச்சையாகவே தெரியும். 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் 'டைரக்ட்' என்று ஒரு வழி உண்டு. 'ரெகுலர்' வழியில் போனால் இடையில் இருப்பவருக்கு வருஷா வருஷம் கமிஷன், அதுவும் நம் பணத்திலிருந்துதான். மாசம் 10,000 வீதம் 20 வருஷம் போட்டு, 12 சதவீதம் வளர்வதற்குப் பதில் 11 சதவீதம் வளர்ந்தால் கடைசியில் குறைவது சுமார் 12 லட்சம். வெறும் ஒரு சதவீதம்!

வங்கி மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், மார்ச் மாதம் மேனேஜர் உங்களை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தால் பாலிசி டார்கெட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். டீயைக் குடியுங்கள், கையெழுத்தை வீட்டில் யோசித்துப் போடுங்கள். நானே கூப்பிட்டாலும் இதே பதில்தான் :-)

அப்புறம் யாரைத்தான் நம்புவது? ஆளின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'ஐஎன்ஏ' என்று தொடங்கினால் அவர் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், நீங்கள் கொடுக்கும் ஃபீஸ்தான் அவர் வருமானம். 'ஏஆர்என்' என்றால் விநியோகஸ்தர், கமிஷனில் வாழ்பவர். அதில் தப்பில்லை, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. எண்ணே இல்லாமல், "டெலிகிராம் குரூப்பில் சேருங்க" என்றால் செபியின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்ப்பது வரை பைசா தராதீர்கள். 2024 ஆகஸ்டில் செபி, பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவர்களோடு புரோக்கர்கள் போன்றவர்கள் தொடர்பு வைக்கக்கூடாது என்று விதியே போட்டுவிட்டது. வீடியோக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 2024 விதிப்படி இது உங்கள் உரிமை. சில பிடித்தங்கள் போக பணம் திரும்பி வரும். ஏஜென்ட் அண்ணன் வருத்தப்படுவார். அடுத்த ஐயப்ப பூஜையில் கொஞ்சம் தள்ளி நின்று சாப்பிட வேண்டியிருக்கும்.