அரசன் சாகாத விளையாட்டு

கணினி விளையாட்டு என்றாலே நமது வீடுகளில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அது நேரத்தைத் தின்னும். மற்றது, அது ஆண் பிள்ளைகளுக்கு உரியது. முதலாவதில் உண்மை இருக்கிறது. இரண்டாவதை நான் அடியோடு மறுக்கிறேன். உயர்தரத்தில் வரலாறும் இஸ்லாமிய நாகரிகமும் கற்கும் மாணவியரில் ஒருத்தி என்ற வகையில், ‘சிவிலைசேஷன்’ என்ற விளையாட்டை நாம் விளையாடிப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் அது காட்டும் வரலாற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது.

சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய இவ்விளையாட்டு 1991இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எங்கள் வீட்டில் நானாவின் பழைய கணினியில் இன்றும் அது ஓடுகிறது. இதற்கு விரல் வேகம் தேவையில்லை. சதுரங்கம் போல, நமது முறை வரும்போது ஆறுதலாக யோசித்துக் காய் நகர்த்தலாம். கி.மு. 4000இல் குடியேறிகள் கூட்டமொன்றுடன், இருண்டு கிடக்கும் வரைபடத்தில் ஆட்டம் தொடங்கும். நகரம் அமைக்கிறோம், நிலத்தைப் பண்படுத்துகிறோம், எழுத்தைக் கண்டறிகிறோம், நூலகம் கட்டுகிறோம்.

இதில் கற்க நிறைய உண்டு. நீர்நிலையோ ஏற்கெனவே நீர் பாயும் வயலோ பக்கத்தில் இல்லாவிட்டால் நீர்ப்பாசனம் செய்ய முடியாது. ஆதி நாகரிகங்கள் ஏன் ஆற்றங்கரைகளில் தோன்றின என்பதை மனனம் செய்யாமலே விளங்கிக்கொள்ளலாம். மக்களின் அதிருப்தி மிஞ்சினால் நகரத்தில் கலகம் வெடிக்கும், உற்பத்தி நின்றுபோகும். படையை மட்டும் பெருக்கி ஆள முடியாது என்பதும் அப்போது புரியும்.

அந்த முதல் பதிப்பில் 14 நாகரிகங்கள் இருந்தன. உரோமர், கிரேக்கர், எகிப்தியர், மங்கோலியர் எல்லோரும் இருந்தார்கள், அரபிகள் இல்லை. பிந்திய பதிப்புகளில் அரபிகளும் உஸ்மானியரும் சேர்க்கப்பட்டார்கள். அத்துடன் குறை தீர்ந்துவிட்டது என்பார் சிலர். என் குறை அதுவல்ல. எவரைச் சேர்த்தாலும், விளையாடுபவர் உலகைப் பார்ப்பது சிம்மாசனத்திலிருந்துதான்.

இப்னு கல்தூன் நமக்குப் புதியவர் அல்லர். 1377இல் அவர் எழுதிய முகத்திமாவில், ஓர் அரச வம்சம் பொதுவாக மூன்று தலைமுறைகளையே காண்கிறது என்றார். தலைமுறைக்கு 40 வருடங்களாக 120 வருடங்கள். இந்த விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு சுற்று என்பது 20 வருடங்கள். ஆகவே, இப்னு கல்தூனின் கணக்குப்படி ஆறே சுற்றுகளில் வம்சம் முடிந்துவிட வேண்டும். ஆனால் இங்கே அரசனுக்கு மரணமில்லை. ஆறாயிரம் வருடங்களுக்கு ஒரே ஆள் ஆள்கிறார்! அவருடைய பேரப்பிள்ளைகள் சுகபோகத்தில் மூழ்குவதுமில்லை. ‘அஸபிய்யா’ என்ற கூட்டுணர்வு தேய்வதுமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடல்வழியே வந்து நகரங்களைத் தாக்கும் கூட்டத்துக்கு இவ்விளையாட்டு வைத்த பெயர் ‘காட்டுமிராண்டிகள்’. அவர்களுக்கென்று சொந்த வரலாறில்லை. இப்னு கல்தூனோ, நகரத்துக்கு வெளியே கடின வாழ்வு வாழ்வோரிடமே கூட்டுணர்வு வலுவாக இருக்கும் என்றும், அடுத்த வம்சத்தை நிறுவுவோர் அவர்களே என்றும் கண்டார். ஒருவர் காட்டுமிராண்டி என்று ஒதுக்கியவரை மற்றவர் நாளைய ஆட்சியாளராகக் கண்டிருக்கிறார்.

அரசனுக்குக் கீழே இருப்போரின் நிலை என்ன? குடியேறிகள் கூட்டமொன்றை அனுப்பினால், அந்நகரின் சனத்தொகை ஒன்றால் குறையும். அவ்வளவுதான். போனவர்கள் யார், எதை விட்டுப் போனார்கள் என்ற கேள்வியே இல்லை. ஆனால் நாம் அப்படிப் போனவர்களின் வரலாற்றைக் கொண்ட சமூகம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இன்னோர் அரசன் விரட்டிய மக்களை வரவேற்பதற்கு இந்த விளையாட்டில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. அந்த வரவேற்பு இருந்திருக்காவிட்டால் கிழக்கில் எத்தனை ஊர்களின் கதை வேறாகியிருக்கும்!

விளையாட்டுத்தானே, எல்லாவற்றையும் அடக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். நமது பாடக் குறிப்புகளும் அதையேதான் செய்கின்றன என்பதே என் கவலை. அரசர் பெயர், போர், ஆண்டு என்று எழுதிப் புள்ளி பெறுகிறோம். ஊரைவிட்டுப் போன பெண் தன்னோடு என்ன கொண்டு போனாள் என்று எந்த வினாத்தாளும் நம்மிடம் கேட்பதில்லை.

ஆகவே தோழியரே, விடுமுறையில் நேரத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டு விளையாடுங்கள். பேரரசு கட்டுங்கள், அது ஆண் பிள்ளைகளின் தனிச்சொத்து அல்ல. ஆனால் அடுத்த சுற்றுக்குப் போகுமுன், திரையில் ஓர் எண்ணாகக் குறைந்தவர்கள் யாரென்று ஒரு கணம் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் வரலாற்றை நாமே எழுதத் தொடங்க வேண்டும்.